ஸ்ரீரங்கம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர்

திருச்சி கண்டோன்மென்ட்டில், மத்திய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை. 2022 பிப்ரவரியில் அந்தக் கடைக்கு வெப்சைட் செய்துகொடுக்க ஒத்துக்கொண்டேன். பேசியது 40,000 ரூபாய். 25,000 முன்னால், மீதி 15,000 தளம் ஓட ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து. தனி ஆளாக நான் எடுத்த மூன்றாவது வேலை அது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், கொஞ்சம் கருப்பட்டி. வேண்டியதைக் கூடையில் போட்டு, வரைபடத்தில் வீட்டைத் தொட்டுக் காட்டி, பணம் கட்டிவிட்டால் முடிந்தது. டெலிவரிக் கட்டணத்துக்குக் கடைக்கார அண்ணன் சொன்ன விதி ஒரே வரி: "ரெண்டு கிலோமீட்டர் வரைக்கும் ஃப்ரீ தம்பி, அதுக்கு மேல கிலோமீட்டருக்கு எட்டு ரூபா." இதில் என்ன இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு மணி நேர வேலையால் வரவேண்டிய 15,000 போனது, மேற்கொண்டு கைக்காசு 11,000 போனது, நாலைந்து மாதம் சரியான தூக்கம் இல்லை. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. நேர்மையான ஒரு மனிதர் நான் எழுதிய நிரலால் ஒன்றரை மாதம் சந்தேகப் பார்வையில் வேலை செய்தார். இன்றைக்கும் எனக்கு உறுத்துவது அதுதான்.

தூரக் கணக்குக்கு நான் எடுத்தது ஹேவர்சைன் சூத்திரம். பூமியை 6371 கிமீ ஆரமுள்ள உருண்டையாக வைத்துக்கொண்டு, இரண்டு புள்ளிகளின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் மேற்பரப்பு வழியாக எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடும். கப்பல்காரர்கள் அட்டவணை வைத்துக் கணக்குப் போட்ட காலத்துச் சரக்கு. அந்தப் பெயரே 1835இல் ஜேம்ஸ் இன்மன் என்பவர் வைத்தது. அட்சரேகை வித்தியாசத்தில் பாதியின் சைனை வர்க்கம் பண்ண வேண்டும். தீர்க்கரேகை வித்தியாசத்துக்கும் அதையே செய்து, அதை மட்டும் இரண்டு இடங்களுடைய அட்சரேகைகளின் காஸ் மதிப்புகளால் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, ஆர்க்சைன் போட்டு, இரண்டாலும் 6371ஆலும் பெருக்கினால் கிலோமீட்டர். நான் நிரல் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் சைனும் காஸும் ரேடியன் என்ற வேறொரு கோண அளவைத்தான் கேட்கும், டிகிரியை அப்படியே கொடுத்தால் கண்டபடி எண் வரும். அதில் நானும் ஒரு மாலை நேரத்தைத் தொலைத்தேன். ஆனால் அது அபத்தமான விடை தரும் தப்பு, பார்த்தவுடனே தெரிந்துவிடும். நான் சொல்ல வந்தது பார்த்தால் தெரியாத தப்பைப் பற்றி.

தளத்தில் வரைபடம் காட்ட மேப்லிப்ரே என்ற லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பு) போட்டிருந்தேன். அதில் ஒரு இடத்தை அரேயாக, அதாவது எண்களின் வரிசையாகக் கொடுத்தால் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை இரண்டாவது. வரைபடத் தரவு எழுதும் ஜியோஜேசான் தரத்திலும் அதே வரிசை. லீஃப்லெட் என்ற இன்னொரு வரைபட லைப்ரரியில் இதற்கு நேர் எதிர், அட்சரேகைதான் முதலில். கூகுள் மேப்ஸில் ஒரு இடத்தை அழுத்திப் பிடித்தால் வரும் எண்களும் அட்சரேகை முதலாகத்தான் வரும். நான் எழுதிய தூர ஃபங்ஷன் (தூரக் கணக்குப் போடும் நிரல் துண்டு), பள்ளிக்கூடத்தில் படித்த பழக்கத்தில், அட்சரேகை முதலில் வரும் என்று எதிர்பார்த்தது. கடையின் இடத்தையும் வாங்குபவர் தொட்டுக் காட்டிய இடத்தையும் மேப்லிப்ரேயிலிருந்து வந்த அரேயாகவே அதற்குள் அனுப்பினேன். ஆக, இரண்டு இடமும் தலைகீழாகப் போனது. ஒன்று மட்டும் புரண்டிருந்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்து அன்றைக்கே பிடித்திருப்பேன். இரண்டும் சேர்ந்து புரண்டதால் விடை பார்ப்பதற்குப் பதவிசாக இருந்தது.

சோதிக்காமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். சோதித்தேன். என் வீடு திருவெறும்பூர். அங்கிருந்து கடைக்கு வண்டியில் போனால் 12 கிமீ சொச்சம், நேர்கோட்டில் 10 வரும். என் நிரலும் 10 என்றுதான் கணக்குப் போட்டது. பால் பண்ணை, அரியமங்கலம் என்று போகும் வழியில் இருக்கும் இரண்டு மூன்று இடங்களையும் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் சரி. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது: நான் பார்த்த இடங்கள் எல்லாமே கடைக்கு நேர் கிழக்கு. நான் தினமும் போய்வரும் சாலை அது, அதனால் அதையே தொட்டேன்.

மே 3, அட்சய திருதியை அன்று தளத்தைத் திறந்தோம். முதல் வாரத்திலேயே ஒரு கூத்து. புத்தூரில் இருந்து ஒரு அம்மா ஃபோன் செய்து, "ரெண்டு லிட்டர் நல்லெண்ணெய்க்கு டெலிவரி எழுபதாயிரமா?" என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. பார்த்தால், அவர் வரைபடத்தைத் தொடாமலே அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறார். காலியாக இருந்த கட்டத்தை ஜாவாஸ்கிரிப்ட்டின் 'நம்பர்' ஃபங்ஷன் சத்தமில்லாமல் பூஜ்யமாக மாற்றிவிட்டது. அட்சரேகை பூஜ்யம், தீர்க்கரேகை பூஜ்யம் என்றால் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கினியா வளைகுடா நடுக்கடல். திருச்சியிலிருந்து ஏறத்தாழ 8,770 கிமீ, கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய். சிரித்துக்கொண்டே சரிசெய்தேன். காலியாக இருந்தால் கணக்கே போடாதே, திருப்பி அனுப்பு என்று ஒரு வரி. அந்த அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டேன். இந்தச் சம்பவத்தால் வந்த கெடுதல் என்னவென்றால், கோஆர்டினேட்டில், அதாவது இந்த அட்சரேகை தீர்க்கரேகை எண்களில், வரக்கூடிய தப்பு வந்துவிட்டது, இனி இல்லை என்ற தெம்பு எனக்கு வந்துவிட்டது.

டெலிவரிக்கு இருந்தவர் ஐம்பதை நெருங்கும் ஒரு அண்ணன், டிவிஎஸ் எக்ஸெல் வைத்திருந்தார். பெட்ரோல் பேட்டா கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய். அதுவரை அவர் சொல்லும் கிலோமீட்டருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜூன் மாதம் நானாக வலியப்போய், "அண்ணி, இனிமே ஒவ்வொரு ஆர்டருக்கும் எவ்வளவு தூரம்னு ரிப்போர்ட்லயே வரும், பேட்டா கணக்கு ஈஸி" என்று ஒரு பக்கம் செய்துகொடுத்தேன். கடைக்கார அண்ணனின் மனைவிதான் கணக்கு வழக்கு பார்ப்பவர். கேட்காத வேலை, நல்ல பெயர் வாங்கலாம் என்ற ஆசை, அவ்வளவுதான். அந்த வார இறுதியிலேயே பிரச்சினை ஆரம்பித்தது. சிஸ்டம் காட்டும் கிலோமீட்டரைவிடப் பல மடங்கு அதிகமாக அவர் சொல்கிறார். "போற வழியில சொந்த வேலையும் பாக்குறாரோ என்னவோ" என்று அண்ணி என்னிடம் மெதுவாகக் கேட்டார். "உங்க கம்ப்யூட்டர் கணக்கு சரிதானே தம்பி?" நான் உடனே, "கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணி" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மனசாட்சிக்காக ஒருமுறை சரிபார்த்தேன். எப்படி? பூமி சரியான உருண்டை இல்லையே, நடுவில் 6378 கிமீ ஆரம், துருவப் பக்கம் 6357 கிமீ, ஒருவேளை ஹேவர்சைன் துல்லியம் போதவில்லையோ என்று நினைத்து, 1975இல் வின்சென்டி என்பவர் வெளியிட்ட நீள்வட்டச் சூத்திரத்தை முழுக்க எழுதினேன். இரண்டு நாள். அதை எந்த இடத்தில் சோதித்தேன்? மறுபடியும் என் வீட்டில். பத்து கிலோமீட்டரில் நாற்பது மீட்டர் மாறியது. 'ஆக, சூத்திரத்தில் குறையில்லை, ஆள்தான் கூட்டிச் சொல்கிறார்' என்று நானும் நம்பிவிட்டேன். ஹேவர்சைனுக்கும் நீள்வட்டக் கணக்குக்கும் அதிகபட்ச வித்தியாசம் ஏறத்தாழ அரை சதவீதம்தான் இருக்கும். டெலிவரி, பக்கத்துக் கடை தேடுவது, டாக்ஸி மாதிரியான வேலைக்கெல்லாம் ஹேவர்சைனே தாராளம். நில அளவைக்குப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. விடையில் சந்தேகம் வந்தால் சூத்திரத்தை மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள். உள்ளே போகும் எண்களை முதலில் அச்சிட்டுப் பாருங்கள். அதை நான் அன்றைக்குச் செய்திருந்தால் இரண்டே நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஆடி பிறந்த வாரம், ஒரு சாயங்காலம், கடைக்குப் போயிருந்தேன். டெலிவரி அண்ணன் வண்டியின் முன்பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். பால் கணக்கு எழுதும் நீளமான சின்ன நோட்டு, ஓரமெல்லாம் எண்ணெய் ஊறிக் கண்ணாடிக் காகிதம் போல ஆகியிருந்தது. ஒவ்வொரு வரியிலும் தேதி, போன இடம், கிளம்பும்போது மீட்டர், திரும்பும்போது மீட்டர், இரண்டுக்கும் வித்தியாசம். தன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்த நாளிலிருந்து எழுதிவந்திருக்கிறார். "வடக்கு சித்திரை வீதி, 18" என்று ஒரு வரியைக் காட்டினார். "இதுக்கு ஒங்க கம்ப்யூட்டர்ல எவ்வளவு தம்பி?" மொபைலில் ரிப்போர்ட்டைத் திறந்தேன். போகவர 3.5 கிமீ. போவதற்கு மட்டும் 1.76. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நான் எக்ஸெல் ஓட்டுறேனா, ஏரோப்ளேன் ஓட்டுறேனா? இங்கேர்ந்து ஸ்ரீரங்கம் ஒன்னே முக்கால் கிலோமீட்டரா தம்பி? நீயும் திருச்சிக்காரன்தானே?"

கட்டணத்தை மட்டும் காட்டி, தூரத்தைத் தளத்தில் காட்டாமல் விட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. "கட்டணம் 0" என்று வந்தால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். "ஸ்ரீரங்கம், 1.8 கிமீ" என்று வந்திருந்தால் முதல் நாளே யாராவது ஒருவர் சிரித்திருப்பார். கணக்குப் போட்டு ஒரு தொகையைக் கேட்கிறீர்கள் என்றால் அதற்கு அடிப்படையான எண்ணையும் சேர்த்துக் காட்டிவிடுங்கள். உள்ளூர்க்காரனை விடப் பெரிய டெஸ்ட் எதுவும் கிடையாது.

அன்று இரவு எண்களை அச்சிட்டுப் பார்த்தேன். கடை: அட்சரேகை 78.68, தீர்க்கரேகை 10.80. அந்த இடத்தை உலக வரைபடத்தில் தேடினேன். நார்வேக்கு வடக்கே, ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் மேற்குக் கரையோரம் போய் நின்றது. இரண்டரை மாதமாக நான் பனிக்கரடி தேசத்தில் நல்லெண்ணெய் விற்றுக்கொண்டிருந்திருக்கிறேன். ஏன் கிழக்கு மட்டும் சரியாக வந்தது என்பதும் அப்போது புரிந்தது. தீர்க்கரேகைகள் சாத்துக்குடிச் சுளையின் கோடுகள் மாதிரி. நடுவில் அகலமாக விலகியிருக்கும், முனைக்குப் போகப்போக நெருங்கிவிடும். அட்சரேகையில் ஒரு டிகிரி எங்கே போனாலும் ஏறத்தாழ 111 கிமீ. தீர்க்கரேகையில் ஒரு டிகிரி திருச்சியில் 109 கிமீ, ஆனால் 78.7 டிகிரி வடக்கில் வெறும் 22 கிமீ. நிஜத்தில் கிழக்கு மேற்காக இருந்த தூரம், தலைகீழான கணக்கில் வடக்கு தெற்காக மாறி, 109க்குப் பதில் 111 என்று கிட்டத்தட்டச் சரியாகவே வந்தது. நிஜத்தில் வடக்கு தெற்காக இருந்த தூரமோ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 7.2 கிமீ நேர்கோட்டில் இருக்கும் ஸ்ரீரங்கம் 1.76. சமயபுரம் 15க்குப் பதில் 7 சொச்சம். கிழக்கே இருந்த நான் மட்டும் சரியான கட்டணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

நம் ஊர்க்காரர்கள் இந்தத் தப்பில் ஏன் எளிதாக மாட்டுவார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். அட்சரேகை 90ஐத் தாண்டாது. சிங்கப்பூரில் இருப்பவர் இதே தப்பைச் செய்தால் 103 என்ற எண் அட்சரேகையில் போய் விழும். ஒழுங்கான எந்த லைப்ரரியும், ஏன், சாதாரண எல்லைச் சோதனைகூட அதைத் துப்பிவிடும். நமக்கு 76லிருந்து 80 வரை. எல்லைக்குள் இருப்பதால் எல்லாவற்றிலும் நுழைந்துவிடும். நமக்குச் சாதகமான விஷயமும் ஒன்று உண்டு. இந்திய நிலப்பரப்பு அட்சரேகையில் 8 முதல் 37 வரை, தீர்க்கரேகையில் 68 முதல் 97 வரை. இரண்டும் ஒன்றோடொன்று மோதவே மோதாது. ஆகவே 'அட்சரேகை தீர்க்கரேகையைவிடப் பெரியதாக இருந்தால் நிறுத்து' என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். இலங்கைக்கும் அது பொருந்தும். அதோடு, கோஆர்டினேட்டை அரேயாகக் கையாளுவதையே அன்றோடு விட்டுவிட்டேன். உள்ளே வரும் இடத்திலேயே அதைப் பெயர் போட்ட இரண்டு புலங்களாகப் பிரித்துவிடுவேன். முதலாவது, இரண்டாவது என்ற பேச்சே என் ஃபங்ஷனுக்குள் இல்லை. சோதனைக்கு நேர் வடக்கில் ஓர் இடம், நேர் கிழக்கில் ஓர் இடம், அதே இடம், காலியான இடம், இந்த நான்கும் கட்டாயம். ஒரு டிகிரி வடக்கே போனால் 111.2 வருகிறதா என்று முதலில் பார்ப்பேன்.

அடுத்த நாள் அண்ணன், அண்ணி, டெலிவரி அண்ணன் மூவரையும் உட்காரவைத்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். சொல்வதற்குமுன் பழைய ஆர்டர்களையெல்லாம் எடுத்து மறுகணக்குப் போட்டுக்கொண்டு போனேன், அது நல்லதாகப் போயிற்று. வடக்கும் தெற்குமாக 612 ஆர்டர்களில் குறைவாக வாங்கியது 27,340 ரூபாய். டெலிவரி அண்ணனுக்குக் குறைத்துக் கொடுத்த பேட்டா 8,750. எனக்கு வரவேண்டிய 15,000 வேண்டாம், அதில் முதலில் அவருக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அண்ணிதான் எழுந்துபோய்ப் பணத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்து, "மனசுல வச்சுக்காதீங்க அண்ணே" என்றார். அவர் எண்ணாமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இத்தோடு விட்டிருக்கலாம். பயம் விடவில்லை. நம் கணக்கே வேண்டாம், சாலைத் தூரத்தையே சொல்லும் கட்டணச் சேவைக்குப் போய்விடலாம் என்று முடிவெடுத்தேன். அதில் ஒரு நியாயமும் இருந்தது. ஹேவர்சைன் தருவது காக்கை பறக்கும் தூரம், எக்ஸெல் காவிரியின் மேல் பறக்காது. ஆகஸ்டில் அண்ணன் திருவெறும்பூரிலும் ஒரு கிளை திறந்ததால், எந்தக் கிளை கிட்டே என்று பார்க்க ஒரு வீட்டுக்கு இரண்டு தூரம் கேட்க வேண்டும். இந்த மாதிரிச் சேவைகளில் புறப்படும் இடங்களையும் சேரும் இடங்களையும் பெருக்கித்தான் காசு. இரண்டு கிளை, ஒரு வீடு என்றால் ஒரு கேள்விக்கு இரண்டு கணக்கு. நான் என்ன செய்தேன் என்றால், கூடையில் எண்ணிக்கை மாறும் ஒவ்வொரு தடவையும் தூரத்தை மறுபடி கேட்கும்படி எழுதிவிட்டேன். போதாததற்கு, விடை வந்ததும் பக்கம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு மறுபடி கேட்கும், அப்படி ஒரு சுழல். வாங்குபவர்கள் அரை நிமிடத்தில் பக்கத்தைக் கடந்துவிடுவதால் வெளியே தெரியவில்லை. நான் சோதனைக்காகத் திறந்துவைத்துவிட்டுத் தூங்கப்போன ஒரே ஒரு டேப், நொடிக்கு ஒன்றுக்குக் குறையாமல் விடிய விடியக் கேட்டுக்கொண்டே இருந்தது. மாத இலவச அளவு அந்த ஒரு ராத்திரியிலேயே கரைந்து, மேலே 11,000 ரூபாய்க்கு பில். கார்டு என்னுடையது. சேவையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நாள் ஒன்றுக்கு இத்தனைதான் என்று கோட்டா வைக்கும் வசதி அதிலேயே இருந்தது, நான்தான் வைக்கவில்லை. கட்டணச் சேவை எதுவாக இருந்தாலும் சாவியை (சேவையைப் பயன்படுத்தத் தரும் அடையாளக் குறியீடு) வாங்கிய கையோடு கோட்டாவைப் போட்டுவிடுங்கள், அப்புறம் நிரல் எழுதலாம். கேட்ட விடையைச் சேமித்துவையுங்கள், ஆனால் எத்தனை நாள் வைக்கலாம் என்று அந்தச் சேவையின் விதியைப் படித்துவிட்டு. முதலில் ஹேவர்சைனால் வடிகட்டி, 30 கிமீக்கு அப்பால் இருப்பவரைக் கேள்வி கேட்காமலேயே திருப்பிவிட்டால் பாதிச் செலவு அங்கேயே மிச்சம்.

செப்டம்பரில் சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் நடுவில் இருக்கும் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். முதலில் இருசக்கர வண்டிகளை மட்டும் விட்டார்கள், நவம்பரில் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஸ்ரீரங்கம் போக வேண்டுமென்றால் சென்னை பைபாஸ் பாலம் வழியாகச் சுற்ற வேண்டும். அந்தச் சமயத்தில்தான் கட்டணச் சேவையை விட்டுவிட்டு, எனக்கே பிடித்துப்போன ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். காவிரியை ஒரு பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட கோடாக எடுத்துக்கொண்டேன். வீடு அந்தக் கோட்டுக்குத் தெற்கே இருந்தால் சாதாரண ஹேவர்சைன். வடக்கே இருந்தால் கடையிலிருந்து பாலம் வரை ஒரு ஹேவர்சைன், பாலத்திலிருந்து வீடு வரை இன்னொன்று, இரண்டையும் கூட்ட வேண்டும். பாலங்கள் ஒரு பட்டியலில் இருக்கும், எந்தப் பாலம் வழியாகக் குறைவோ அது. கடைசியில் வரும் எண்ணை, தெருக்களின் வளைவு நெளிவுக்காக 1.25ஆல் பெருக்கல். அந்த 1.25 எங்கிருந்து வந்தது என்றால், டெலிவரி அண்ணனின் நோட்டிலிருந்து. நூறு வரிக்கு மேல் எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். மேலூர் மாதிரி, பாலம் ஏறி ஸ்ரீரங்கம் போய் மேற்கே திரும்பி வர வேண்டிய இடங்கள்கூட ஒரு கிலோமீட்டருக்குள் பொருந்தின. பாலம் மூடியபோது பட்டியலில் ஒரு வரியை அணைத்தேன், வேலை முடிந்தது. நிறைய ஊர்களுக்கு டெலிவரி என்றால் இது போதாது. அப்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் தரவை இறக்கி, ஓஎஸ்ஆர்எம் என்ற வழி கண்டுபிடிக்கும் மென்பொருளைச் சொந்த சர்வரில் ஓட்டலாம், கேள்விக்குக் காசில்லை. அதிலும் தீர்க்கரேகைதான் முதலில், அதை மறக்க வேண்டாம்.

ஒரு குட்டிக் கதை மிச்சம் இருக்கிறது. நிர்வாகப் பக்கத்தில், கிட்டே இருக்கும் கிளையைக் காட்ட மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்துக்குள்ளேயே கணக்குப் போட்டிருந்தேன். அங்கே ஹேவர்சைன் இல்லை, அதைவிடச் சின்னதாக இருக்கிறதே என்று, அதே தூரத்தை வேறு வழியில் கணக்கிடும் ஆர்க்காஸ் சூத்திரம். ஒருநாள் அண்ணன் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். "தம்பி, என் கடையில உக்காந்துக்கிட்டு என் கடை எங்கன்னு கேட்டா, பத்து கிலோமீட்டருக்குள்ள ஒன்னும் இல்லைங்குது." அதே இடத்துக்கும் அதே இடத்துக்கும் தூரம் கேட்டால் ஆர்க்காஸுக்குள் சரியாக 1 போக வேண்டும். கணினியின் தசமப் பிசிறில் அது ஒன்றைவிட ஒரு மயிரிழை கூடிவிட்டால் மைஎஸ்க்யூஎல் 'நல்' (மதிப்பு இல்லை) என்று சொல்லிவிடும், 10க்குள் இருப்பதைக் காட்டு என்ற நிபந்தனையில் அந்த வரியே காணாமல் போய்விடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இதே இடத்தில் 'எண் இல்லை' என்று வரும். திருவெறும்பூர் கிளைக்கு இந்தத் தொல்லை இல்லை, எந்த எண்களில் பிசிறு கூடும் என்று ஊகிக்கவே முடியாது. உள்ளே போகும் மதிப்பு 1ஐத் தாண்டாமல் அணை போடலாம். நான் அதைவிட, மைஎஸ்க்யூஎல்லிலேயே இருக்கும் உருண்டைத் தூர ஃபங்ஷனுக்கு மாறிக்கொண்டேன். பாயிண்ட் என்று கொடுக்கும்போது அங்கேயும் தீர்க்கரேகை முதலில். போஸ்ட்ஜிஐஎஸ் (இன்னொரு தரவுத்தளத்தில் இடங்களைச் சேமிக்க உதவும் இணைப்பு) வைத்திருப்பவர்கள் ஜியாக்ரஃபி வகையில் சேமிக்க வேண்டும். ஜியோமெட்ரி வகையில் வைத்துத் தூரம் கேட்டால் விடை டிகிரியில் வரும், 0.06 என்று பார்த்து அறுபது மீட்டர் என்று நினைத்துவிடாதீர்கள்.

டில்லியில் ஒருவருக்கு வேலை செய்தபோது, பழைய நிரலில் பித்தாகரஸ் போட்டு டிகிரியை 111ஆல் பெருக்கி வைத்திருந்தார்கள். அதை எழுதியவர் நம் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்தக் குறுக்கு வழி கிழக்கு மேற்கில் இரண்டு, இரண்டரை சதவீதத்துக்கு மேல் பிசகாது, யாருக்கும் தெரியாது. டில்லியில் தீர்க்கரேகை டிகிரி 98 கிமீதான், பதிமூன்று சதவீதம் கூடுதலாகக் காட்டும். முன்பெல்லாம் இதைக் கவனித்திருக்க மாட்டேன். இப்போது யார் நிரலைத் திறந்தாலும் முதலில் வடக்கே ஒரு இடம், கிழக்கே ஒரு இடம்.

டெலிவரி அண்ணனின் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொண்டேன். அதிலிருந்து பதினோரு வரிகளைத் தளத்தின் டெஸ்ட்டில் சேர்த்திருக்கிறேன், முதல் வரி வடக்கு சித்திரை வீதி. 2023 மார்ச்சில் ஒருநாள் காலை ஏழு மணி இருக்கும், அவரிடமிருந்து ஃபோன். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். "தம்பி, பாலம் தொறந்துட்டாங்க. நான் மேலதான் நிக்கிறேன். கம்ப்யூட்டர்ல சொல்லிட்டியா?"